இணையத் தேர்வு ‘பி2’ என்கிறது. எழுத்தில் மட்டும் ஏன் 5.5?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பிரிட்டனில் செவிலியர் வேலைக்கு முயல்கிறேன். இலவச இணையத் தேர்வு ஒன்று என் ஆங்கிலம் ‘பி2’ நிலை என்றது. ஆனால் ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறனை ஒன்பது புள்ளிக்கு அளக்கும் தேர்வு) மாதிரித் தேர்வில் கேட்டலுக்கு 7, வாசிப்புக்கு 7, எழுத்துக்கு 5.5, பேச்சுக்கு 6 கிடைத்தன. என் உண்மையான நிலை எது? எப்படி முன்னேறுவது?

பதில்: இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. ‘பி2’ என்பது ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் நான்காவது படி. அது அகலமான படி. ஐஇஎல்டிஎஸ் கணக்கில் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை அதற்குள் அடங்கிவிடும். மேலும், இலவசத் தேர்வுகளில் பெரும்பாலானவை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவை. சரியான வாக்கியத்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொள்ளும் திறனை அவை அளக்கின்றனவே தவிர, வெற்றுத்தாளில் அதை நீங்களே எழுதுவீர்களா என்பதை அளப்பதில்லை.

உங்கள் நான்கு மதிப்பெண்களின் சராசரி 6.375, ஐஇஎல்டிஎஸ் முறைப்படி அது 6.5 ஆகிவிடும். பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் மொத்தத்தில் 7 கேட்பதால் ‘இன்னும் அரைப் புள்ளிதானே’ என்று தோன்றும். ஆனால் அம்மன்றம் கேட்டல், வாசிப்பு, பேச்சு ஒவ்வொன்றிலும் 7-உம், எழுத்தில் 6.5-உம் தனித்தனியாகக் கேட்கிறது. ஆகவே உங்களுக்குக் குறைவது எழுத்தில் ஒரு புள்ளி, பேச்சில் ஒரு புள்ளி. கேட்டலுக்கும் வாசிப்புக்கும் வாரம் ஒரு மாதிரித் தேர்வு போதும். மிச்ச நேரம் முழுவதும் மற்ற இரண்டுக்கும் போக வேண்டும். பயிற்சி மையங்கள் பல, நான்குக்கும் சம நேரம் ஒதுக்கும் அட்டவணையைத் தருகின்றன. அது அவர்களுக்கு வசதி, உங்களுக்கு அல்ல.

நீங்கள் அனுப்பிய பயிற்சித்தாளில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘பேஷன்ட் இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்.’ இதை வாசிக்கும் எந்த மருத்துவருக்கும் பொருள் விளங்கும். ஆனால் தேர்வாளர் இதில் மூன்று பிழைகளைக் காண்பார். பெயர்ச்சொல்லுக்கு முன் ‘த’ (the) இல்லை. தமிழில் அதற்கு இணையான சொல் கட்டாயம் இல்லாததால் நம் காதுக்கு அது விடுபட்டதே தெரிவதில்லை. ‘காய்ச்சல் இருந்துகொண்டிருக்கிறது’ என்ற நினைப்பில் ‘இஸ் ஹேவிங்’ வந்துவிட்டது. அங்கே ‘ஹேஸ் ஹேட்’ வர வேண்டும். மூன்றாவது பிழைக்குத் தமிழே மருந்து தருகிறது. ‘மூன்று நாளாக’ என்று கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று தொடக்கத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. எழுதுவதற்கு முன் மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே இந்தக் குழப்பம் தீரும். (தமிழில் யோசிக்கவே கூடாது என்ற அறிவுரையை நான் முழுவதும் ஏற்பதில்லை.)

இவ்வாறு உங்கள் பிழைகளை ஒரு நோட்டில் வகைபிரித்துக் குறித்துவாருங்கள். பத்துக் கட்டுரைகளைத் திருத்திப் பார்த்தால், பெரும்பாலும் ஐந்தாறு வகைப் பிழைகளே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். எழுத்துத் தேர்வில் 250 சொல் கட்டுரைக்கு, 150 சொல் பகுதியைவிட இரு மடங்கு மதிப்பு உண்டு என்பதால், கட்டுரையிலிருந்தே தொடங்குங்கள்.

பேச்சுக்கு, பணியில் நடந்த ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்து, ‘உம்’, ‘ஆ’ உட்பட ஒரு சொல் விடாமல் எழுதிப் பாருங்கள். திருத்தியபின் அதே செய்தியை, தாளைப் பார்க்காமல், மறுபடி பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் வாரம் கூச்சமாக இருக்கும். ஆனால் எந்த இடத்தில் நிற்கிறீர்கள், எந்த வினைச்சொல்லில் தடுமாறுகிறீர்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழியை நான் அறியேன்.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியையும் எண்ணிப் பாருங்கள்; பதிவு மன்றம் அதையும் ஏற்கிறது. அதில் எழுத்துப் பகுதி நோயாளியின் குறிப்புகளிலிருந்து ஒரு கடிதம் வரைவது. பேச்சுப் பகுதி நோயாளியுடனோ உறவினருடனோ உரையாடுவதுபோல் நடிப்பது. இவை நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைகள். அதற்காக அது எளிய தேர்வு என்று பொருளல்ல. மேற்சொன்ன மூன்று பிழைகளும் அங்கேயும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற ஏறத்தாழ 200 மணி நேர வழிகாட்டலுடன் கூடிய கற்றல் தேவை என்பது ஆங்கிலத் தேர்வுகளை நடத்தும் கேம்பிரிட்ஜ் அமைப்பின் பொதுக் கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆறு, ஏழு மாதம். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், அடுத்தடுத்து மூன்று மாதிரித் தேர்வுகளில் எழுத்துக்கு 6.5-உம் பேச்சுக்கு 7-உம் வந்தபின் கட்டணம் செலுத்துங்கள்.