1777 இறுதியில் வாஷிங்டனிடம் திரும்ப அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கு ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று?

உயர் அதிகாரி ஒருவரிடம் பல ஆண்டுகள் நேர்முக உதவியாளராக இருந்தவன் நான்; ஆகவே இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. சுருக்கமான விடை, காய்ச்சலும் உடலெங்கும் கடுமையான வாத வலியும் என்பதே. ஆனால் அந்த நோய் எப்போது, எங்கே அவரைப் பிடித்தது என்பதையும் சொன்னால்தான் விடை முழுமை பெறும்.

அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த வாஷிங்டனுக்கு ஹாமில்டன் துணை அதிகாரி என்றாலும், அவர் செய்த வேலையின் பெரும்பகுதி வாஷிங்டனுக்காகக் கடிதங்கள் எழுதுவதுதான். பிலடெல்பியா ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட நிலையில், வடக்கே சரடோகாவில் ஆங்கிலேயரை வென்றிருந்த அமெரிக்க ஜெனரல் கேட்ஸிடமிருந்து படைகளைக் கேட்டுப் பெறும் பொறுப்பை வாஷிங்டன் இருபது வயதை ஒட்டிய இந்த இளைஞரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 30 அன்று புறப்பட்டவர் நவம்பர் 5 அன்று ஆல்பனியை அடைந்தார். கேட்ஸ் தர மனமில்லாமல் ஆள்பலம் குறைந்த ஒரு பிரிவை மட்டும் அனுப்ப முன்வந்தபோது, அது போதாது என்று வாதாடி இன்னொரு பிரிவையும் பெற்றார். திரும்பும் வழியில் ஜெனரல் புட்னம் படைகளை அனுப்பாமல் வைத்திருப்பதைக் கண்டு, தம்மைவிட மிக மூத்தவரான அவருக்கு வாஷிங்டனின் பெயரால் கண்டிப்பான உத்தரவு எழுதினார். சம்பளம் வராததால் நடக்க மறுத்த வீரர்களுக்காக நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டனின் உதவியோடு கடன் வாங்கிக் கொடுத்தார்.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகுதான் ஹட்சன் ஆற்றங்கரையின் நியூ வின்ட்சரில் நோயில் படுத்தார். இரண்டு நாட்களாகக் காய்ச்சலால் தங்க நேர்ந்ததையும், நேரில் போக முடியாததால் மற்ற எல்லா வழிகளிலும் முயன்று வருவதையும் நவம்பர் 12 அன்று வாஷிங்டனுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. படுக்கையில் கிடக்கும் உதவியாளனுக்கு வலியைவிட, "என்னால் வேலை நின்றுவிட்டதே, எல்லை மீறிவிட்டேனோ" என்ற எண்ணமே பெரிய சுமை. மஞ்சள் காமாலையில் ஆறு வாரம் கிடந்தபோது நான் அதை அறிந்தேன். எப்போது வருகிறீர்கள் என்ற விசாரிப்பைத் தவிர அலுவலகத்திலிருந்து வேறொரு சொல்லும் எனக்கு வரவில்லை. வாஷிங்டன் நவம்பர் 15 அன்று எழுதியதோ வேறு. ஹாமில்டன் எடுத்த எல்லா நடவடிக்கைகளையும் முழுமையாக ஏற்பதாகவும், மற்றவர்களின் முயற்சியும் அவருடைய ஊக்கத்துக்கு ஈடாக இருந்திருக்கக் கூடாதா என்று தாம் விரும்புவதாகவும் எழுதினார்.

நோய் அத்தோடு விடவில்லை. வேலையை முடுக்குவதற்காக ஆற்றைக் கடந்து பீக்ஸ்கில் சென்றவர் அங்கே மீண்டும் விழுந்தார். நவம்பர் இறுதியில், உடன் இருந்தவர்கள் அவர் பிழைப்பாரா என்றே அஞ்சினார்கள். தேறுவதற்கு வாரங்கள் பிடித்தன. அதற்குள் டெலவேர் ஆற்றில் அமெரிக்கர் வசமிருந்த மிஃப்ளின் கோட்டை வீழ்ந்திருந்தது. டிசம்பர் 19 அன்று வாஷிங்டனின் படை பிலடெல்பியாவுக்கு அருகே உள்ள வேலி ஃபோர்ஜ் சென்று குளிர்காலப் பாசறை அமைத்திருந்தது.

1778 ஜனவரி 20 அளவில்தான் ஹாமில்டன் அங்கே போய்ச் சேர்ந்தார். படையைச் சீரமைப்பது குறித்து அமெரிக்கக் காங்கிரஸின் குழுவுக்கு அம்மாத இறுதியில் வாஷிங்டன் அனுப்பிய மிக நீண்ட அறிக்கையின் வரைவு ஹாமில்டனின் கையெழுத்தில் இருக்கிறது.