டீயை நிறுத்தியும் கடன் குறையவில்லையே?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி நிறுவனம் ஒன்றில் வேலை. கையில் வருவது 32,000 ரூபாய். ஒரு வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறேன். வெளியில் டீ இல்லை, சினிமா இல்லை, தைராய்டு மாத்திரையைக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன். மாதம் 3,000 ரூபாயாவது மிஞ்சியிருக்க வேண்டும், ஒன்றையும் காணோம். நாத்தனார் மகள் சீருக்காக ஏறிய கிரெடிட் கார்டு பாக்கி 60,000-லேயே நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். இன்னும் எதைக் குறைப்பது?

பதில்: முதலில் மாத்திரையை டாக்டர் சொன்னபடி தினமும் போடுங்கள். அதில் மாதம் நூறு ரூபாய்கூடத் தேறாது.

அடுத்து கார்டு. பல கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உங்களுடையது எவ்வளவு என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். 3.5 என்றால் 60,000-க்கு மாத வட்டி 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 378. மொத்தம் 2,478. குறைந்தபட்சத் தொகை 5% என்றால் நீங்கள் கட்டுவது 3,000. அசலில் கழிவது 522 ரூபாய்தான். பழைய பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலமும் கிடையாது. அதே கார்டில் மளிகை வாங்கினால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த 522-ம் இப்படித்தான் கரைந்திருக்கும்.

மிச்சம் பிடித்த 3,000 எங்கே போனது? தனியே எடுத்து வைக்காததால் சம்பளக் கணக்கிலேயே கிடந்து செலவாகிவிட்டது. குடிக்காத டீயின் காசு தானாகத் தனியே போய் உட்காராது. மாதக் கடைசியில் ஏதோ ஒரு கியூஆர் கோடு அதை வாங்கிக்கொள்ளும். எனவே இப்போது கட்டும் 3,000-உடன் இந்த 3,000-ஐயும் சேர்த்து, சம்பளம் வந்த அன்றே கார்டுக்கு 6,000 கட்டிவிடுங்கள். கார்டைப் பீரோவில் வையுங்கள், ஆப்களில் சேமித்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். 14-வது மாதம் கடன் முடியும்.

இன்னும் சுருக்க வழி உண்டு. நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து 60,000-ஐ ஒரே தடவையில் அடையுங்கள். ஆண்டுக்கு 10% என்றாலும் முதல் மாத வட்டி 500 ரூபாய்தான். அதே 6,000-ஐ நகைக்கடனுக்குக் கட்டினால் 11 மாதத்தில் நகை வீடு வந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்: வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் திருப்பி வைப்பார்கள், காலியான கார்டையும் மறுபடி தேய்ப்பார்கள். கார்டின் வரம்பை 10,000-க்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். நகையை வைக்கும்போதே இடையில் அசல் கட்டலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீயை மறுபடி குடிக்கலாம். 12 ரூபாய் வீதம் 26 நாளைக்கு 312 ரூபாய். 500 ரூபாயை ரொக்கமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அது தீர்ந்தால் அந்த மாதத்துக்கு அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாக அறுப்பவர்கள் நாலாம் மாதம் ஒரு பண்டிகையில் மொத்தமாக விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

நீங்கள் மறுத்ததெல்லாம் உங்கள் வாய்க்கு மட்டும். கடனை ஏற்றியதோ நாலு பேர் முன்னால் செய்த சீர். குறைக்க வேண்டிய இடம் அது, கடினமானதும் அதுதான். மொய் நோட்டை எடுங்கள். உங்களுக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்வது கடன் அடைப்பதுபோல. அதில் கைவைக்க வேண்டாம். அதற்குமேல் கூட்டிப் போடுவதையும் புதிதாகச் சீர் தொடங்குவதையும் ஒரு வருடம் நிறுத்துங்கள். அடுத்த விசேஷம் எது, எவ்வளவு என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். பத்திரிகை வந்தபின் பேசினால் தொகை கூடத்தான் செய்யும்.