அக்கா எழுதிய கதைக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: அலுவலகத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சிறுகதை எழுதி வாட்ஸப்பில் அனுப்பி, “படிச்சுட்டு உண்மையைச் சொல்லு” என்றார். பதினோரு பக்கம். ஒரு போட்டிக்கு அனுப்பப் போகிறாராம், கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. முதல் நான்கு பக்கங்களில் எதுவுமே நடக்கவில்லை. நடுவில் மாமியார் பேசும் காட்சி பிரமாதம். முடிவு சப்பென்று இருக்கிறது. ‘அருமை’ என்று ஒரு வார்த்தை போட்டுத் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால் அப்புறம் முகம் பார்த்துப் பேச முடியாதோ என்று பயமாகவும் இருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: ‘முதல் நான்கு பக்கம்’, ‘மாமியார் பேசும் காட்சி’, ‘முடிவு’ என்று இடம் சுட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறவருக்கு வேண்டியது இதுதான். “கொஞ்சம் இழுவையா இருக்கு” என்று பொதுவாகச் சொல்லிப் பாருங்கள், அவர் பதினோரு பக்கத்தையும் சந்தேகப்படுவார். நன்றாக வந்திருக்கும் மாமியார் காட்சியைக்கூட வெட்டிவிடக்கூடும். குறையைவிட, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதுதான் அதிகம் வலிக்கும்.

முதல் வேலை, இன்றைக்கே ஒரு வரி அனுப்புங்கள். நீல டிக் விழுந்து மூன்று நாள் பதில் வராவிட்டால், கதை பிடிக்கவில்லை என்று அவரே முடிவு செய்துவிடுவார். “அக்கா, படிச்சேன். சில விஷயம் தோணுச்சு. பெரிய மாற்றம் செய்ய நேரம் இருக்கா, இல்ல சின்னத் திருத்தம் மட்டும் சொல்லவா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் நீங்கள் எவ்வளவு பேசலாம் என்பது இருக்கிறது. “அனுப்பியாச்சு, சும்மா படிக்கத்தான்” என்றால் பிடித்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். திருத்த வழியில்லாத கதையின் குறையைச் சொல்வதால் யாருக்கும் லாபமில்லை.

இப்படி அனுமதி கேட்பதை ஒரு முறையாகவே வகுத்தவர் அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன். 1990இல் அவர் தொடங்கிய முறையில் நான்கு படிகள். ஒரு படைப்பில் தமக்கு எது மனதில் நின்றது என்று பார்த்தவர்கள் முதலில் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தம் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் அந்தக் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக்கூடாது. கடைசியாக, சொல்லலாமா என்று கேட்டுவிட்டு அபிப்பிராயம். எனக்கு மிகவும் உதவுவது மூன்றாவது படி. “முதல் நாலு பக்கம் ஏன் இவ்வளவு நீளம்?” என்பது கேள்வி மாதிரி இருக்கும் தீர்ப்பு. “அந்த நாலு பக்கத்துல வாசகர் எதைத் தெரிஞ்சுக்கணும்னு நினைச்சீங்க?” என்பது நிஜக் கேள்வி. இதற்குப் பதில் சொல்லும்போதே, எது வேண்டும் எது வேண்டாம் என்று பெரும்பாலானவர்களுக்குத் தாமாகவே தெரிந்துவிடும்.

அடுத்து, நீங்கள் பார்த்த குறை என்ன குறை என்பதில் தெளிவு வேண்டும். ‘எதுவுமே நடக்கவில்லை’ என்பது உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம், காரணம் வேறாக இருக்கலாம். இதற்கு நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. சிறுகதையை மனதில் வைத்து அவர் எழுதவில்லை. ஆனாலும் கைப்பிரதி படிக்கும்போது இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பத்தும் தனித்தனிக் கோளாறுகள், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

அந்த நான்கு பக்கங்களுக்கே வருவோம். தெருவும் கோயில் திருவிழாவும் வந்து, கதையின் பக்கமே திரும்பாமல் போகிறது என்றால் அது மற்றொன்று விரித்தல். எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். மருமகளின் களைப்பை வேறு வேறு வார்த்தைகளில் மூன்று தடவை சொல்கிறார் என்றால் கூறியது கூறல். மூன்றில் நல்லதை வைத்துக்கொண்டு இரண்டை விட்டால் போதும். இரண்டும் இல்லை, தகவல்கள் தேவைதான், மாமியார் வந்த பிறகு தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால், அதே நூல் பத்து அழகுகளில் ஒன்றாகச் சொல்லும் ‘முறையின் வைப்பு’, அதாவது எதையும் உரிய வரிசையில் வைப்பது, இங்கே அமையவில்லை. அப்போது வெட்டச் சொல்லக்கூடாது, இடம் மாற்றலாமா என்று கேட்க வேண்டும். முடிவும் அப்படித்தான். வேகமாக வந்த கதை கடைசியில் தளர்ந்து போவது ஒன்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் வெறுமையாகத் தெரிவது இன்னொன்று. இந்தக் குற்றங்களின் பெயர்களை உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அக்காவுக்கு அனுப்ப வேண்டாம். பரீட்சைத் தாள் திருத்தியது போல ஆகிவிடும்.

இன்னொன்றில் மிகக் கவனமாக இருங்கள். மாமியார், மருமகள், களைப்பு எல்லாம் அவர் வீட்டிலேயே நடந்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் ஊகிக்கவே கூடாது. “நீங்க ஏன் அவங்களை எதிர்த்துப் பேசல?” என்று தவறிக்கூட வாயில் வரக்கூடாது. “அந்த மருமகள்”, “கதை சொல்கிற பெண்” என்றே எழுதுங்கள். சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதுகிறவருக்கு அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. அது இருந்தால்தான் அவரால் காட்சியை மாற்ற முடியும். இல்லையென்றால் “நிஜத்தில் அப்படித்தான் நடந்தது” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பாராட்டையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். முதலில் ஒரு புகழ்ச்சி, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு புகழ்ச்சி என்று அடுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. படிக்கிறவர் ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருப்பார், புகழ்ச்சி காதில் ஏறாது. மாமியார் காட்சி ஏன் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால், அதுவே கதையின் மற்ற இடங்களுக்கு அளவுகோல் ஆகிவிடும். நான் எழுதினால் கிட்டத்தட்ட இப்படி எழுதுவேன்:

“அக்கா, மாமியார் பேச ஆரம்பிச்ச இடத்துலதான் நான் கதைக்குள்ள வந்தேன். அவங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்க ஒரு வரிகூட விளக்கல, பேச்சுலயே முழு மனுஷியும் தெரியுறாங்க. அதுக்கு முன்னாடி, ரெண்டாம் பக்கத்துக்கும் நாலாம் பக்கத்துக்கும் நடுவுல என் கவனம் ரெண்டு தடவை விலகிடுச்சு. கதை யாரைப் பத்தினதுன்னு அங்க எனக்குப் பிடிபடல. மாமியார் காட்சியிலேயே கதை தொடங்கினா எப்படி இருக்கும்னு தோணுச்சு. கடைசிப் பத்தியில அந்த மருமகள் என்ன முடிவு எடுத்தான்னு எனக்குப் புரியல. வேணும்னேதான் சொல்லாம விட்டீங்களா?”

இரண்டு குறை போதும். பத்து நாளில் செய்யக்கூடியது அவ்வளவுதான். இதை அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், பொதுக் குழுவில் போடாதீர்கள். முழுதாக எழுதி, ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, ஒரே செய்தியாக அனுப்புங்கள். துண்டு துண்டாகப் போனால் ஒவ்வொரு துண்டுக்கும் அவர் மனம் படபடக்கும். எழுத்தில் உங்கள் குரலும் சிரிப்பும் போய்ச் சேராது, அதனால் சாதாரண வாக்கியமும் கண்டிப்பாகத் தெரியும். முடிவைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது என்றால் ஃபோன் செய்துவிடுங்கள்.

அவருடைய வாக்கியங்களை நீங்கள் மாற்றி எழுதித் தராதீர்கள். அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்புக்காக அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கும் மேல் வெட்டினார். புத்தகத்தை நிறுத்திவிடும்படி 1980 ஜூலையில் கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதினார். ஆனாலும் புத்தகம் வெளிவந்தது, பெரிய பெயரும் வாங்கியது. வெட்டப்படாத வடிவம் 2009இல், கார்வர் இறந்து இருபது ஆண்டுக்கும் மேலான பிறகு அச்சானது. வெட்டியதால் கதைகள் மேம்பட்டனவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, எழுதியவர் தம் கதையில் தம்மையே காணாமல் தவித்தது. கூகுள் டாக்ஸில் திறந்து தந்தால்கூட ஓரத்தில் குறிப்பு போடுங்கள், வரிக்குள் கை வைக்காதீர்கள்.

அவர் “இல்ல, அந்த நாலு பக்கம் வேணும்” என்று பதில் போட்டால் வாதாட வேண்டாம். “சரிக்கா, எனக்கு அப்படித் தோணுச்சு” என்று விட்டுவிடுங்கள். கதை அவருடையது, நீங்கள் ஒரு வாசகர். சிலர் அன்றைக்கு மறுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே பக்கங்களைத் தாங்களாகவே சுருக்குவார்கள்.

ஒற்றுப்பிழை, ‘ன’கர ‘ண’கரக் குழப்பம் எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். இப்போது சொல்லாதீர்கள், மாறப்போகிற பத்தியில் சந்தி சரிபார்ப்பது வீண். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, திருத்திய பிரதியைக் கேட்டு வாங்கி, பிழைகளைப் பக்க எண்ணோடு பட்டியலாக அனுப்புங்கள். போட்டி விதிகளில் வார்த்தைக் கணக்கு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுங்கள். கதை அதைத் தாண்டியிருந்தால், எப்படியும் எதையாவது அவர் குறைத்தாக வேண்டியிருக்கும்.