மஞ்சள் கடிதாசி கொடுத்த பிறகு: ஆஸ்பத்திரிக் கடனில் நொடித்தவர்களின் கேள்விகள்

கணவரின் புற்றுநோய் சிகிச்சைக்காக என் பெயரில் வாங்கிய கடன் பதினான்கு லட்சம். அவரும் போய்விட்டார். ஐ.பி. (கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் நொடிப்பு மனு, அதாவது மஞ்சள் கடிதாசி) போட்டு, போன வருடம் சப்-கோர்ட்டில் என்னை நொடித்தவர் என்று அறிவித்துவிட்டார்கள். இனி கடன் தீர்ந்த மாதிரிதானே? (வாசகி, ஈரோடு)

இன்னும் தீரவில்லை அம்மா. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தில் இரண்டு படிகள் உண்டு. நொடித்தவர் என்று அறிவிப்பது முதல் படி. அதன்பின் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் உங்கள்மேல் தனியாக வழக்குப் போட முடியாது. ஆனால் கடனிலிருந்து விடுபட, விடுவிப்பு உத்தரவு கேட்டு நீங்கள்தான் மனுப் போட வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பது முதல் உத்தரவிலேயே எழுதியிருக்கும். அதைத் தவறவிட்டால் அறிவிப்பையே ரத்து செய்யலாம். எல்லாக் கடனும் பழையபடி தலைமேல் வந்து நிற்கும். உத்தரவின் நகலை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டும்போல் இருந்தால், தகுந்த காரணம் சொல்லி நீட்டிக்கக் கேட்கலாம்.

இன்னொன்று. விடுவிப்பு வரும்வரை, உங்கள் நிலையைச் சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை. தொகை அந்தக் காலத்தது என்றாலும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணனும் இதில் தப்பித்துவிடுவாரா? (வாசகர், கரூர்)

மாட்டார். உங்களுக்கு விடுவிப்பு கிடைத்தாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு அப்படியே நிற்கும். இதை அவரிடம் மறைக்காதீர்கள். நோட்டீஸ் வரும்முன் அவரே வங்கிக்குப் போய்த் தவணை பேசினால் வழி பிறக்கும்.

மறுபடி வங்கிக் கடன் கிடைக்குமா? (வாசகர், மதுரை)

கிடைக்கும், பொறுமை வேண்டும். நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. தீர்த்த கடனை அதில் பாக்கியாகவே காட்டினால் புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பிறகு, சிறிய வைப்புத்தொகையை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டி வாருங்கள். ஆனால் இதை விடுவிப்பு உத்தரவுக்குப் பிறகே தொடங்குங்கள். அதற்குமுன் நீங்கள் சேர்க்கும் சொத்தும் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும் கணக்கில் போய்ச் சேரலாம்.

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடர்கிறது. திரும்பவும் கடனில் விழப் பயமாக இருக்கிறது. (வாசகி, திருநெல்வேலி)

உங்கள் பயம் நியாயமானது. வைத்தியச் செலவு ஓயாமல் எந்தச் சேமிப்பும் நிற்காது, அதனால் முதலில் இதைக் கவனியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பதியுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம்வரை சிகிச்சைச் செலவுக்குக் காப்பீடு உண்டு. டயாலிசிஸை அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்கென்று தனியார் பாலிசி எடுத்தால், இருக்கும் நோய் எதையும் மறைக்காதீர்கள். 2024 விதிப்படி பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம்தான். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் கேட்கும் நாளில் கைவிரித்துவிடுவார்கள்.