ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகும் மகனுக்கு வேலை இருக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன், தேசிய சேவை முடித்து உயிரறிவியல் படிக்க விரும்புகிறார். ஆய்வகத்தில் புரதத்தின் அமைப்பைக் கணினியில் கணக்கிட்டதைப் பற்றியே வீட்டில் பேசுகிறார். ‘அதைத்தான் செயற்கை நுண்ணறிவு செய்துவிட்டதே’ என்று அஞ்சுகிறீர்கள்.

ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கியவர்கள் 2024இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது உண்மை. ஆனால் அந்த மென்பொருள், அமினோ அமில வரிசையைப் பார்த்துப் புரதம் எப்படி மடியும் என்று கணிக்கிறது. குழாயில் இருக்கும் இந்தப் புரதம் இப்போது சரியாக மடிந்திருக்கிறதா, சூட்டில் குலைந்துவிட்டதா என்பதை அளந்துதான் அறிய வேண்டும். அதற்கான வழிகளில் ஒன்றைத்தான் மகன் கற்றிருக்கிறார்.

சர்க்குலர் டைக்ரோயிசம் என்னும் அந்த முறையில், இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியைப் புரதம் எவ்வளவு வேறுபாட்டுடன் உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். அந்த வேறுபாட்டை ஒளியின் அலைநீளத்துக்கு எதிரே வரைகோடாக வரைவார்கள். புரதச் சங்கிலி சுருண்டிருக்கும் ஆல்ஃபா சுருள் மிகுந்தால் வரைகோடு 208, 222 நானோமீட்டரில் இரு பள்ளங்களாக இறங்கும். சங்கிலி இழைகள் பக்கத்தில் பக்கமாக அடுக்கிய பீட்டா தகடு மிகுந்தால் 218ஐ ஒட்டி ஒரே பள்ளம். சுருள் எத்தனை விழுக்காடு, தகடு எத்தனை விழுக்காடு என்று பிரிப்பது மென்பொருளின் வேலை. லண்டன் பர்க்பெக் கல்லூரியின் டைக்ரோவெப், புடாபெஸ்ட்டில் உருவான பெஸ்ட்செல் ஆகியவை பெயர் பெற்றவை.

விழுக்காடு நொடியில் வந்துவிடும். அதை நம்பலாமா என்று தீர்ப்பதில்தான் படித்தவரின் மதிப்பு இருக்கிறது. புரதத்தின் செறிவைத் தவறாகக் கொடுத்தால் விடையும் தவறிவிடும். கரைசலில் சோடியம் குளோரைடு மிகுந்தால், 200 நானோமீட்டருக்குக் கீழே குளோரைடே ஒளியை விழுங்கிவிடும். ஒரே தரவுக்கு செல்கான், கான்டின் போன்ற கணக்கீட்டு முறைகள் வெவ்வேறு எண்களைத் தருவதும் உண்டு. செறிவை எப்படி அளந்தாய், இரண்டு முறைகளில் ஒப்பிட்டாயா என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். ஆர்வத்தோடு விளக்கினால், துறையை அவர் சரியாகவே தேர்ந்திருக்கிறார்.

இந்த ஒரு கருவி தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் வேலை தர மாட்டார்கள். இதை மறைக்க விரும்பவில்லை. உயிர்வேதியியலோடு புள்ளியியலும் பைத்தான் நிரலாக்கமும் கற்கட்டும். சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் ஆய்வாளராக உயரப் பெரும்பாலும் முனைவர் பட்டம் தேவைப்படும். துவாஸ் தொழிற்பகுதியில் உள்ளவை போன்ற உயிரியல் மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்கு இளநிலைப் பட்டத்தோடு முயலலாம். புரத மருந்தின் தயாரிப்பு முறையை மாற்றினால், அதன் மடிப்பு மாறவில்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும். அதற்கு உதவும் சோதனைகளில் சர்க்குலர் டைக்ரோயிசமும் ஒன்று.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். பிசிடிடிபி என்னும் பொதுத் தரவு வங்கியிலிருந்து லைசோசைம் என்னும் புரதத்தின் வரைகோட்டை இறக்கி, இரண்டு மென்பொருள்களில் கணக்கிட்டு, படிக ஆய்வு காட்டும் அமைப்போடு ஒப்பிடட்டும். எங்கே வேறுபட்டது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதினால், விண்ணப்பத்தில் சொல்ல அவரிடம் சொந்த அனுபவம் இருக்கும்.