அம்புலன்ஸ் வேலையில இனம் பாத்து நடத்துறாங்க எண்டுறது உண்மையா? நடந்தா என்ன செய்யலாம்?

கேட்டவர் அம்புலன்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிற தம்பி ஒராள் போல, தமிழ் முஸ்லிம் ஆக்களுக்கு அங்க மரியாதை இரிக்கா எண்டு கேட்டிருக்கார். நான் களுவாஞ்சிக்குடி. ஒரு தனியார் அம்புலன்ஸ் இடத்தில அஞ்சு வருசம் ஓடினன், பேர் வேணாம், இப்ப விட்டுட்டன்.

உண்மைதான் தம்பி. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி தூசணத்தால ஏசி, கை நீட்டி எல்லாம் நடக்கிறது குறைவு. ரோஸ்டர்லதான் நடக்கும். ராவையில கண்டி, கொழும்புக்கு நோயாளி ட்ரான்ஸ்பர் வந்தா யார்ட பேர் போகும், வண்டி கழுவுறது யார், தீபாவளிக்கு லீவு கேட்டா "ஆள் இல்ல" எண்டுறவங்க சிங்கள ஆக்கள்ட வெசாக்குக்கு எப்பிடி ஆள் புடிக்கிறாங்க, அதுகளப் பாருங்க விளங்கும். மேலிடத்துக்குப் போற ரிப்போட் முழுக்கச் சிங்களம், நெஞ்சு நோவுக்கு "பபுவே வேதனாவ" எண்டு எழுதப் பழகவே எனக்கு ரெண்டு மாசம் போச்சு, பிழையா எழுதினா வார்ட் வாசல்ல நேர்ஸ்மாருக்கு முன்னால வச்சுத்தான் ஏச்சு.

இதையெல்லாம் சிங்கள ஆக்கள்ட தலையில போட்டுட்டுப் போகலாம், ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல.

2019 ஏப்ரல் 21, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சதுக்குப் பிறகு எங்கட பக்கம் முஸ்லிம் ஆக்கள எப்பிடிப் பாத்தாங்க எண்டு தெரியும்தானே. என்னோட சோடியா ஓடினவர் சம்மாந்துறை ஆள், முஸ்லிம், எனக்குப் பத்து வயசு மூப்பு, அவங்க அண்ணனுக்குச் சொல்ற மாதிரி காக்கா எண்டுதான் கூப்பிடுவன். எனக்கு வேலை பழக்கினதே அவர்தான், ரோட்டில கால் முறிஞ்சு கிடக்கிறவன அலற விடாம எப்பிடித் தூக்குற எண்டுற வரைக்கும். குண்டு வெடிச்சு ரெண்டு கிழமை இரிக்கும், மூச்செடுக்க ஏலாம ஒரு அம்மா, தமிழ் வீடு. மகன்காரன் காக்காட தாடியப் பாத்துட்டு வண்டிக் கதவப் புடிச்சிட்டு நிக்கான், "இவர் பின்னுக்கு ஏற வேணாம், நீங்க ஏறுங்க" எண்டு. அந்த அம்மாவுக்கு உதடு நீலம் பாஞ்சிட்டு, அங்க நிண்டு வாதாட நேரமில்ல. காக்கா ஒண்டும் பேசல்ல, ஒக்சிசன் மாஸ்க்க என்ட கையில தந்திட்டுப் போய் முன்னுக்கு ஏறினார். கொஞ்சத் தூரம் போனதும் ட்ரைவர்ட கண்ணாடியால பாத்துச் சொல்றார், "தம்பி, மூக்குக்கிட்ட காத்துப் போகுது, மாஸ்க்ட வார இழு."

மறுகா ஒபிஸ்ல என்ன செஞ்சாங்க தெரியுமா, அந்த மகனக் கண்டிக்கிறத விட்டுட்டு காக்காவத்தான் இறக்கினாங்க. "ஆக்கள் பயப்படுறாங்க, கொஞ்ச நாளைக்கு வண்டி கழுவுங்க, ஸ்ட்ரெச்சர் மட்டும் தூக்குங்க." சொன்னவரும் எங்கட தமிழ் ஆள்தான். கொஞ்ச நாள் ஒரு வருசம் ஆச்சு. 2020ல கொரோனா வந்தோன்ன, யாரும் போகாத கொரோனா ட்ரிப்புக்கு மட்டும் காக்கா திரும்பத் தேவைப்பட்டார்.

இது எங்கட ஊர்ல மட்டும் இல்ல. அமெரிக்காவில பிட்ஸ்பர்க் எண்டுற ஊர்ல 1967ல ஃப்ரீடம் ஹவுஸ் எண்டு ஒரு அம்புலன்ஸ் சேவை தொடங்கினாங்க. அதுக்கு முதல் அங்க பொலிஸ் வேன்லதான் நோயாளியத் தூக்கிப் போடுற. வேலை இல்லாம இருந்த கறுப்பினத்து ஆக்கள எடுத்து பீட்டர் சஃபார் எண்டுற டொக்டர் ட்ரெயினிங் குடுத்தார், அம்புலன்ஸ்லயே வைத்தியம் பாக்கிற பாராமெடிக் வேலைக்கு வழி காட்டினவங்க அவங்கதான். 1975ல மாநகரசபை தன்ட சேவையத் தொடங்கி இத மூடிட்டு, எடுத்த கொஞ்சப் பேரையும் அனுபவம் குறைஞ்ச வெள்ளைக்காரருக்குக் கீழ போட்டாங்க. வாசிச்சோன்ன காக்காட தண்ணி வாளிதான் ஞாபகம் வந்த.

சரி, என்ன செய்யலாம். அரச சேவை எண்டா அரசியல் யாப்பில 12(2) எண்டு ஒரு உறுப்புரை இரிக்கு, இனம் மதம் மொழி பாத்து வேறாக்க ஏலா. அத மீறினா அதே யாப்பில 126ம் உறுப்புரையின் கீழ உச்ச நீதிமன்றம் போக ஒரு மாசம்தான் டைம், அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டா விசாரிக்கிற காலம் கணக்கில வராது. மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் ஒபிஸ் இரிக்கு, கோல் எடுக்க 1996 எண்டுற நம்பர். தனியார் எண்டா இந்த வழி சரிவராது, லேபர் ஒபிஸ்தான், வேலைய விட்டு நிப்பாட்டினா ஆறு மாசத்துக்குள்ள தொழில் நியாய சபைக்குப் போகலாம். எங்க போனாலும் திகதி, ரோஸ்டர் போட்டோ, யார் பக்கத்தில நிண்ட எண்டு அண்டண்டைக்கே எழுதி வைங்க. சாட்சி இல்லாட்டி "அப்பிடி ஒண்டும் நடக்கல்ல" எண்டு ஒரே சொல்லுல முடிச்சிருவாங்க.

காக்காவும் கடிதம் எழுதினவர்தான், ரெண்டு பக்கம், நல்ல கையெழுத்து. சாட்சிக்கு என்ட பேரையும் போடவா எண்டு கேட்டார். "பாப்பம் காக்கா" எண்டன். திரும்ப அவர் கேக்கவே இல்ல.