கேளுங்க, சொல்றேன்: தோல் தைக்க எந்த மெஷின்?

கேள்வி: அண்ணே, மூணு வருஷமா பர்ஸ், பெல்ட், சைட் பேக் எல்லாம் கையாலேயே தைக்கிறேன். இப்ப ஆர்டர் கூடிப்போச்சு, விரல் தாங்கல. ஒரு விற்பனைக்காரர் ஜுகி டிடிஎல் 8700 காட்டுறாரு, "இண்டஸ்ட்ரியல் மெஷின் சார், எதைப் போட்டாலும் தைக்கும்"ங்கிறாரு. ஸ்பீடும் நல்லா இருக்கு. வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. 8700 மோசமான மெஷின்னு சொல்லல, துணிக்கு அதை மாதிரி உழைக்கிற மெஷின் கம்மி, நிமிஷத்துக்கு 5500 தையல் வரைக்கும் போகும். ஆனா அந்த 5500ஐ வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க? தோலுக்கு வேகம் வேணாம், மெதுவா குத்துற பலம்தான் வேணும். இண்டஸ்ட்ரியல்ங்கிற வார்த்தைக்கு நாள் பூரா ஓடினாலும் தாங்கும்னு மட்டும்தான் அர்த்தம், எதை வேணா தைக்கும்னு அர்த்தம் கிடையாது.

நானும் இப்படி ஒருத்தர் பேச்சைக் கேட்டு துணி மெஷின்தான் முதல்ல வாங்கினேன். ஒரே அளவா வெட்டின ரெண்டு தோலை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு தைச்சேன், கடைசியில போய் பார்த்தா மேல் தோலு ஒரு நகம் அகலத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. திருப்பிப் பார்த்தா அடியில பூரா பல்லு தடம், எலி கடிச்ச மாதிரி. அந்த மெஷின்ல அடியில இருக்கிற பல்லு மட்டும்தான் இழுக்கும், மேல இருக்கிற ஃபுட் சும்மா அழுத்திக்கிட்டு நிக்கும். துணி வழுக்கிக்கிட்டுப் போயிடும், தோலு ஃபுட்ல ஒட்டிக்கும், அதனால கீழ் தோலு முன்னாடி போக மேல் தோலு பின்தங்கும். அழுத்தத்தைக் கூட்டினா தடம் ரெண்டு பக்கமும் விழுது. ஒட்டாம வழுக்குற டெஃப்லான் ஃபுட் போட்டா ஜாக்கெட் தைக்கிற மெல்லிசு தோலுக்கு ஓரளவு சமாளிக்கலாம், பெல்ட்டுக்கெல்லாம் கதையாகாது.

உங்களுக்கு வேண்டியது காம்பவுண்ட் ஃபீட். சில பேர் டிரிப்பிள் ஃபீட்ங்கிறாங்க, ஜுகிக்காரங்க யூனிசன் ஃபீட்னு போடுவாங்க, எல்லாம் ஒண்ணுதான். ஊசி தோலுக்குள்ள இறங்கி, இறங்கின நிலையிலேயே பல்லோடவும் உள் ஃபுட்டோடவும் சேர்ந்து பின்னாடி நகரும், அது திரும்பி வர்ற நேரத்துல வெளி ஃபுட் தோலைப் பிடிச்சுக்கும். ஊசியே அடுக்கு எல்லாத்தையும் கோத்துக்கிட்டுப் போறதால மேல் தோலு கீழ் தோலுன்னு பேதமே வராது. கடையில மோட்டாரைப் போடச் சொல்லாதீங்க, கை வீலை நீங்களே மெதுவா சுத்துங்க, ஃபுட் ரெண்டும் மாத்தி மாத்தி நடக்கும், ஊசி முன்னும் பின்னும் ஆடணும். ஆடாம நேரா மட்டும் ஏறி இறங்கினா வாக்கிங் ஃபுட்னு பெரிய எழுத்துல ஒட்டியிருந்தாலும் அது நீங்க தேடுற மெஷின் இல்ல.

ஜுகி டிஎன்யூ 1541, எல்யூ 1508, கான்சூ 206, பழசுல சிங்கர் 111டபிள்யூ155, இதெல்லாம் இந்த ஜாதி. ஆனா பிராண்டைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி உங்க சாமானை அளங்க. பர்ஸ் தோலு 1.2 மில்லிமீட்டர்தானேன்னு நினைப்பீங்க, ஓரம் மடிச்சு ரெண்டு பக்கமும் சேர்ற இடத்துல நாலு அடுக்கு, 4.8 ஆயிடும். பேக்ல வார் சேர்ற இடத்தை அளந்தா இன்னும் அதிகம். அந்த அதிகபட்ச இடத்தை வச்சுதான் மெஷின் பார்க்கணும், இல்லேன்னா அந்த ஓரத்தை சீவி மெல்லிசாக்கப் பழகிக்கணும், நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன்.

அப்புறம் பெட், அதாவது தோலை வச்சு தைக்கிற தளம். ஃப்ளாட் பெட்னா மேஜை மாதிரி சமமா இருக்கும், பெல்ட்டுக்கும் பர்ஸுக்கும் சுகம். ஆனா பேக் பாதி முடிஞ்சு பெட்டி மாதிரி ஆனதும் அதை எப்படித் திருப்பி உள்ள விடுவீங்க? அதுக்குத்தான் சிலிண்டர் பெட், கை நீட்டின மாதிரி இருக்கும், பேக்கை அதுக்கு மாட்டிவிட்டு சுத்தி தைக்கலாம். போஸ்ட் பெட் தூண் மாதிரி நிக்கும், ஷூவோட மேல்பாகம் தைக்கிறவங்களுக்கு, உங்களுக்கு வேண்டாம். ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும்னா என் ஓட்டு ஜுகி எல்எஸ் 1341, ஃபாஃப் 335 மாதிரி நடுத்தர சிலிண்டருக்கு. மேல ஒரு பலகையைப் பொருத்திட்டா ஃப்ளாட் பெட் ஆயிடும், ஃப்ளாட் பெட்டை என்ன பண்ணாலும் சிலிண்டர் ஆக்க முடியாது.

யாராவது ஜுகி 441, இல்ல அதைப் பார்த்துப் பண்ணின பெரிய மெஷினைக் காட்டினா மயங்கிடாதீங்க. குதிரை சேணம், தடி பெல்ட்னா அதுதான் ராஜா, நிமிஷத்துக்கு 800 தையல்தான், ஊசியே 794ன்னு தனி சிஸ்டம். ஆனா மெல்லிசு பர்ஸை அதுல வச்சா தோலை ஊசி ஓட்டைக்குள்ளயே இழுத்து முழுங்கிடும். பல்லு குத்த உலக்கை எடுக்கிற கதை.

கேள்வி: சார், வீட்டு மெஷின்லயே ஹெவி டியூட்டின்னு விக்கிறாங்களே, அது போதாதா?

பதில்: மெல்லிசு தோலுல ரெண்டு அடுக்கு, எப்பவாவது ஒண்ணு, சரி. தொழிலுக்குப் போதாது. இழுக்கிற முறை அதே அடிப்பல்லுதான்.

கேள்வி: நான் பார்த்த பழைய மெஷின்ல கிளட்ச் மோட்டார் இருக்கு, பெடலைத் தொட்டாலே பாய்ஞ்சு ஓடுது, பயமா இருக்கு. அதனால அந்த மெஷினே வேணாம்னு விட்டுடவா?

பதில்: விடாதீங்கம்மா. மோட்டாரைக் கழட்டி மாத்திக்கலாம், தலையை, அதாவது தைக்கிற மெஷினைத்தான் மாத்த முடியாது. கிளட்ச் மோட்டார் நீங்க தைக்காட்டியும் உறுமிக்கிட்டே சுத்தும், பெடல் பண்றது அந்தச் சுத்தலைப் பிடிக்கிறதும் விடறதும்தான். அரைப் பிடியில வச்சு மெதுவா ஓட்டற பெரிய கைகாரங்க இருக்காங்க, அந்தக் கால் வர நாளாகும். சர்வோ மோட்டார் பெடலை அழுத்தினா மட்டும் சுத்தும், அதிகபட்ச வேகத்தை நாமளே பூட்டி வச்சுக்கலாம். ஒரு விஷயம், சில சர்வோ ரொம்ப மெதுவா போகும்போது பலம் இல்லாம தடித்த இடத்துல நின்னுடும். அப்ப மோட்டார்ல இருக்கிற பெல்ட் புல்லியை சின்னதா மாத்துங்க, விட்டம் பாதியானா வேகம் பாதி, திருப்பற பலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

கேள்வி: வாக்கிங் ஃபுட் மெஷின்தான் வச்சிருக்கேன் அண்ணா. 138ம் நம்பர் பாண்டட் நைலான் நூல் போட்டதுல இருந்து நூல் பிசிறு பிசிறா அறுந்து போகுது, நடுநடுவே தையல் விட்டுப்போகுது. 18ம் நம்பர் ஊசி போட்டிருக்கேன். மெஷின் வயசாயிடுச்சா?

பதில்: மெஷினைத் திட்டாதீங்கம்மா, ஊசி பத்தல. 18ம் நம்பர் 69 நூலுக்குத்தான் சரி. 138க்கு 22 இல்ல 23 வேணும், 277 நூலுன்னா 25. டப்பாவுல 140ன்னு போட்டிருந்தா ஊசி தடிமன் 1.4 மில்லிமீட்டர், அதான் 22. ஒரு சின்ன சோதனை சொல்றேன், ஒரு சாண் நூலை ஊசிக்காதுல கோத்து ரெண்டு முனையையும் பிடிச்சு சாய்வா இழுத்து வைங்க, ஊசி தன் எடையிலேயே சரசரன்னு கீழ வழுக்கி வரணும். நடுவுல மாட்டி நின்னா காது சின்னது, அதுலதான் நூல் உரசி உரிஞ்சு போகுது.

ஊசி நம்பரோட முனையையும் பாருங்க. டிபி 17 துணி முனை, டிபி 16 தோல் முனை, நீளம் ஒண்ணுதான், ஒரே மெஷின்ல ரெண்டும் ஏறும். துணி முனை தோலை விலக்கிட்டுப் போகும், தோல் முனை சின்னக் கத்தி மாதிரி வெட்டிட்டுப் போகும். வெட்டறதால தையலை ரொம்ப நெருக்கமாப் போடாதீங்க, அப்புறம் தபால் தலை கிழியற மாதிரி அந்த வரிசையிலேயே கிழிஞ்சு வரும். இதையெல்லாம் சரிபண்ணியும் தையல் விட்டா ஃபுட் அழுத்தத்தைக் கூட்டுங்க. ஊசி மேல ஏறும்போது தோலும் கூடவே தூக்கிக்கிட்டா அடியில நூல் வளையம் விழாது, அந்த வளையத்தைப் பிடிச்சு அடிநூலோட கோக்கிற ஹூக் வந்து எதைப் பிடிக்கும்?

கேள்வி: தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய சிங்கர் 29கே தர்றேங்கிறார். வாங்கினா அதுலயே பேக் தொழில் ஆரம்பிக்கலாமா?

பதில்: அழகான மெஷின் தம்பி. அந்த 'கே' ஸ்காட்லாந்துல இருந்த கில்போவி ஃபேக்டரியைக் குறிக்கும், அதை 1980ல மூடிட்டாங்க. ஃபுட்டை எந்தத் திசைக்கும் சுத்தலாம், ஷூ கிழிசல், பேக் மூலை, வேற எந்த மெஷினும் நுழையாத இடத்துல ஒட்டுப் போட அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பெரும்பாலும் அடிநூல் சுத்துற பாபின் சின்னது, தடித்த நூல் ஏத்தினா நாலு தையலுக்கு ஒருதரம் பாபின் சுத்திக்கிட்டு உக்காரணும்னு சொன்னா மிகைதான், ஆனா எரிச்சல் அந்த அளவுக்கு வரும். ரிப்பேருக்கு வாங்குங்க, பேக் தொழிலுக்கு வேணாம்.

வாங்கப் போனா உங்க தோலையும் உங்க நூலையும் எடுத்துட்டுப் போங்க, அவங்க கொடுக்கிற துணித்துண்டுல தைச்சுப் பார்த்துட்டு வராதீங்க. தையல் நீளத்தை அதிகபட்சத்துல வச்சு ஒரு கோடு ஓட்டுங்க, ஃபுட்டை நாலு பக்கமும் திருப்பி ஒவ்வொரு பக்கமும் ஓட்டுங்க, ஸ்கேல் வச்சு அளங்க. தேய்ஞ்ச 29கேல என்ன திருகினாலும் தையல் குட்டையாவே விழும், ஒரு பக்கம் மூணு மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் ரெண்டுன்னு வந்தா தேய்மானம் உள்ள இருக்கு, பேசாம நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.